கொள்கையை வெறுக்கலாம், நீதியை மறுக்கலாமா?

 



அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனமும் அதனைத் தொடர்ந்து வருபவையும் அருளப்பெற்ற பின்னணியைத் தஃப்ஸீர் நூல்கள் விவரிக்கின்றன. மதீனாவில் ஒரு போர்க்கவசம் களவு போயிற்று. களவாடியவன் முஸ்லிம் என்று பெயர் கொண்டவன். அகப்பட்டுவிடுவோம் என்றஞ்சி, அதனை ஒரு யூதரின் வீட்டில் சேர்த்துவிட்டான். அவன் குலத்தார் திரண்டு வந்து யூதர் மீது பழி சுமத்தினர். இறங்கிய வஹீயோ அந்த யூதரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஒருவர் எக்கொள்கையினர் என்பது வேறு; அவர் குற்றம் செய்தாரா என்பது வேறு.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் மக்கள் அகப்பட்டுக்கொண்ட ஒரு போரைப் பார்ப்போம். நமக்குத் தெற்கே உள்ள சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் 'ரஜுலா' கப்பல் பினாங்குக்குச் சென்றது. அதில் பிழைப்புத் தேடிப் போனவர்களில் நம் சமுதாயத்தாரும் ஏராளம். அந்த மலாயாவில், 1948 ஜூனில், ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதையடுத்து, கம்யூனிஸத்தை ஒடுக்கவென்று ஆங்கிலேய அரசு அவசரநிலை பிரகடனம் செய்தது. 12 ஆண்டுகள் நீடித்த அந்தப் போரை அவர்கள் போர் என்றே அழைக்கவில்லை. அப்படி அழைத்தால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் காப்பீட்டுத் தொகை கிடைக்காது என்பதே காரணம் என்பர்.

தஞ்சைத் தரணியில் பிறந்த கணபதி, அங்கே தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச்சில் கைதானார். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவசரச் சட்டத்தின்படி அதற்கு மரணமே தண்டனை. நேருவின் அரசு கருணை கோரியும் பயனில்லை. மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் கயிற்றுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டே மாதங்கள்!

சாம்பசிவம் என்ற மற்றொரு தமிழரின் வழக்கையும் கேளுங்கள். தோட்டாக்கள் வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து அவரை நீதிமன்றமே விடுவித்தது. துப்பாக்கி தொடர்பான மறுவிசாரணையிலோ, விடுவிக்கப்பட்ட அந்த விஷயத்தையும் உள்ளடக்கிய வாக்குமூலத்தையே சான்றாகக் காட்டி மரண தண்டனை விதித்தனர். 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதனை ரத்து செய்தது. மேல்முறையீட்டுக்குக் காலம் கிடைத்தது. ஓர் உயிர் தப்பியது.

பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட 24 சீனக் கிராமத்தாருக்கு அந்த அளவு விசாரணைகூட இல்லை. அவர்கள் கையில் ஆயுதமும் இல்லை. பின்னர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளையும் வேலி சூழ்ந்தது. காட்டிலிருப்போருக்கு உணவு போய்ச் சேரக்கூடாதென்று, பால்மரம் சீவப் போகிறவர்களை வாசலிலேயே சோதனையிட்டனர். கொரில்லாக்களும் நல்லவர்களாக நடந்துகொள்ளவில்லை. ஒத்துழைக்க மறுத்த ஏழைத் தொழிலாளர்களையும் கொன்றனர். இதையும் சொல்லியாக வேண்டும்.

"ஹள்ரத், இறைவனை மறுக்கிற கொள்கையை எவ்வழியிலேனும் தடுத்தால் நல்லதுதானே?" என்று இளைஞர்கள் கேட்கலாம். ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். சோவியத் படையை எதிர்க்கவென்று அமெரிக்கா ஆயுதங்களை வாரி வழங்கியது. 1989இல் சோவியத் படை வெளியேறியது, ஆயுதங்கள் வெளியேறவில்லை. 1992 முதல் காபூல் நகரைத் தரைமட்டமாக்கியவர்கள் கலிமா சொன்னவர்களே. இறைமறுப்பை நாம் ஏற்பதில்லை. அதற்குரிய வழி அழைப்புப் பணியும் ஏழைக்கு அவனுடைய கூலியைக் கொடுப்பதுமாகும்.

சகோதரர்களே! எண்ணூர் நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஆலைகள் நிறைந்த ஊர் நம்முடையது. செங்கொடிச் சங்கத்தில் இருப்பவர் நம் அண்டை வீட்டார். நம்மவர்களும் அதில் உண்டு. வேலைநிறுத்தக் காலத்தில் அவர் மீது பொய்வழக்கு வந்தால், "அவர் கம்யூனிஸ்ட், நமக்கென்ன?" என்று ஒதுங்குகிறோம். தாடியையும் பெயரையும் வைத்தே தீவிரவாதி என்று சந்தேகிக்கப்பட்ட வலியை அறிந்த சமுதாயம் இப்படிப் பேசலாமா? நடந்ததைக் கண்ணால் கண்டவர் வாய் மூடியிருப்பது, அல்பகரா 283ஆம் வசனம் தடுத்திருக்கும் சாட்சியத்தை மறைத்தலாகும். அப்படிச் சாட்சி சொல்ல வேண்டியிருந்து, காவல் நிலையத்திற்கோ நீதிமன்றத்திற்கோ தனியே செல்ல அஞ்சுவோர், தொழுகை முடிந்ததும் பள்ளி நிர்வாகிகளைச் சந்தியுங்கள். உடன் வர ஆட்கள் இருக்கிறார்கள், நானும் வருவேன்.