கேட்டிலிருந்து வாசல்வரை மண்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. 1988-இல் நரை அணில் சரணாலயமாகி, 2021-இல் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்த காட்டின் வாசல். இந்தப் பக்கத்துத் தோப்பு வீடுகளுக்கு வண்டி போக மண்பாதை போதும். இரண்டு சக்கரத் தடம், நடுவில் புல்.

அதில் என்ன சுகம்? கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

மழை படாத சுவரோரப் பொடிமண்ணில் சின்னச் சின்னப் புனல் குழிகள். அடியில் குழியானை பதுங்கியிருக்கிறது. எறும்பு சறுக்கி விழுந்து ஏற முயன்றால், மண்ணை வாரி வீசி மறுபடி கீழே தள்ளும். பின்னாளில் இதற்கே தட்டான் போலச் சிறகு முளைக்கும்.

மழை விழுந்தால் மண்வாசனை. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

தமிழகத்தில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிட்டு, மண்பாதை அதில் தன் பங்கைச் செலவில்லாமல் செய்கிறது. பாதையில் பள்ளம் விழுந்தால் சரளை கொட்டி, நடுவை மேடாக்கி, ஓரங்களைச் சரித்துவிட்டால் தண்ணீர் தேங்காது.

வீட்டு முன்னால் பேவர் பிளாக் பதிக்கப் போகிறீர்களா? சக்கரம் உருளும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் பதியுங்கள். மீதியை மண்ணாகவே விட்டுவையுங்கள்.