சீனக் கடற்கரையில் ஒரு தமிழ்க் கல்



நான் ஜவ்வாதுமலை அடிவாரத்துக் கண்ணமங்கலத்துக்காரன். கல்வெட்டுகளைப் படியெடுப்பது என் வேலை. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றினால் எழுத்து மேலெழும். அந்த வேலையில்தான் சீனாவின் சுவான்சோ நகரம் எனக்கு அறிமுகமானது.

ஃபூஜியன் மாகாணத்துத் துறைமுகம் அது. மார்க்கோ போலோ ஜெய்தூன் என்று எழுதிய ஊர். அப்போது சீனத்தை ஆண்ட சோங் அரசு 1087இல் அங்கே கடல் வணிக அலுவலகம் திறந்தது. பட்டும் பீங்கானும் ஏறின; மிளகும் வாசனைப் பொருள்களும் இறங்கின. அந்தக் காலத்துக் கப்பல் ஒன்றை 1974இல் அங்கே சேற்றிலிருந்து தோண்டியெடுத்தார்கள். உள்ளே 12 தடுப்புகள், 13 அறைகள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற அறைகள் தாங்கும். சரக்கில் மிளகு இருந்தது, சந்தனக் கட்டையும் இருந்தது. சந்தனத்துக்குப் பேர்போன மலையடியில் பிறந்த எனக்கு, அதைப் படித்தபோது அந்தக் கப்பல் நெருங்கிய சொந்தமாகிவிட்டது.

நம்மவர்களும் அந்தக் கடலில் போனவர்கள்தான். 1077இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீன அரசவைக்குப் போனது. வணிகர்கள் பலர் அங்கேயே தங்கி வாழ்ந்தார்கள். தங்கியவர்கள் கோயில் கட்டாமல் இருப்பார்களா? சுவான்சோவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, அதாவது 1281ஆம் ஆண்டு, சித்திரை மாதத்தைச் சொல்கிறது. சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள் அங்கே ஒரு சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்திருக்கிறார். யாருடைய நலனுக்காக? செகசைக்கானின் நலனுக்காக. சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய்கான்தான் அவர். தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது.

இந்தக் கல்வெட்டின் படத்தை மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு சிறுமி விரலை வைத்துத் தேடி, "ஐயா, இது நம்ம ப! இது நம்ம ட!" என்று கூவினாள். எழுநூறு ஆண்டுப் பழைய எழுத்து அது. வகுப்பே எழுந்து வந்து படத்தைச் சூழ்ந்துகொண்டது.

சுவான்சோவில் உள்ள சிற்பங்களைப் பற்றிப் பேசாமல் எனக்கு நகர மனம் வரவில்லை. ஒரு பலகைக் கல்லில் யானை ஒன்று சிவலிங்கத்தை வழிபடுகிறது. திருவானைக்காக் கதை நினைவுக்கு வருகிறதல்லவா? கல் அந்த ஊர்க் கல். உளி பிடித்தவர்களும் அந்த ஊர்ச் சிற்பிகளாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் வேலைப்பாட்டில் சீனச் சாயல் தெரிகிறது. கதை மட்டும் காவிரிக்கரையிலிருந்து கப்பலேறிப் போயிருக்கிறது. காய்யுவான் என்ற பெரிய பௌத்தக் கோயிலின் பின்புறம் இரண்டு தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிம்மர் இருக்கிறார், மரங்களுக்கு நடுவே உரலை இழுக்கும் கண்ணன் இருக்கிறான்.

பக்கத்தில் செதியான் என்ற சிற்றூரில் நான்கு கைகள் கொண்ட ஒரு பெண் தெய்வச் சிலை உண்டு. இந்தியாவிலிருந்து போனவர்களின் தெய்வம் என்று கருதப்படும் அதை ஊரார் குவான்யின் என்ற பௌத்தத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். எங்கள் பக்கம் பழைய நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வந்த கல்லைச் சொந்தமாக்கிக்கொள்ளும் அந்த மனசு எனக்கு நன்றாகப் புரிகிறது.

நேரம் குறைவு, மற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன். 1009இல் கட்டப்பட்ட மசூதியும் அங்கே இருக்கிறது. 1357 தொடங்கிப் பத்தாண்டுக் கலகம் ஊரைக் குலைத்தது. பிறகு மிங் அரசு கடல் வணிகத்துக்குத் தடைபோட, துறைமுகம் ஓய்ந்தது. இன்று அந்த வட்டாரம் விளையாட்டுக் காலணிக்கும் தெஹுவா பீங்கானுக்கும் பேர்போனது. நான்யின் என்ற பழைய இசை இன்றும் அங்கே பாடப்படுகிறது. யுனெஸ்கோ 2021இல் சுவான்சோவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் சொன்ன சிவன் கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் நகர மதிலிலும் மற்றக் கட்டடங்களிலும் சிதறிப்போயின. மதில்களை இடித்த காலத்தில் வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அப்படிப்பட்ட கற்களைத் தேடித் தேடிச் சேர்த்து, 1957இல் புத்தகமாகவும் வெளியிட்டார். எந்த மதத்துக் கல், எந்த மொழி எழுத்து என்று அவர் பேதம் பார்க்கவில்லை. அவரைப் போன்றவர்களால்தான் அந்த வரலாறு நமக்கு மிஞ்சியது.

நேயர்களே, உங்கள் ஊர்க் கோயில் சுவரிலும் எழுத்து இருக்கலாம். திருப்பணி என்று சொல்லி அதன்மேல் வண்ணம் பூச வந்தாலோ, மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ய வந்தாலோ, தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.