பஞ்சமியின் பள்ளிக்கூடம்

தெற்குக் கேரளத்தில், நெய்யாற்றின்கரைக்கு வடக்கே ஊருட்டம்பலம் என்றொரு கிராமம். 1910களில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான வெங்கானூர் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சாதிச் சிறுமியை அங்கிருந்த அரசுப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணை போட்டிருந்தது. ஆனாலும் அவள் கால்வைத்த பள்ளிக்கே மேல்சாதியினர் தீ வைத்தார்கள். கருகிய பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே பாதுகாக்கிறார்கள்.

ஒரு குழந்தையோடு அவர் நிற்கவில்லை.

1907இல் தொடங்கிய சாதுஜன பரிபாலன சங்கம் வழியாக விவசாயக் கூலிகளைத் திரட்டினார். பள்ளியில் இடமில்லையென்றால் வயலில் இறங்கமாட்டோம் என்றார்கள். நாற்று நட ஆளில்லை; வயல்களில் புல் மண்டியது.

சரி, வேலை நிறுத்தம் நீண்டால் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? அய்யன்காளி விழிஞம் கடற்கரைக்குப் போய் மீனவர்களிடம் பேசினார். படகுக்கு ஓர் ஆள் என்று கூலிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். கடலில் கிடைத்த பங்கில் குடிசைகளில் கஞ்சி வெந்தது. அந்தக் கஞ்சி இல்லையென்றால் போராட்டம் சில வாரங்களில் உடைந்திருக்கும் என்றே சொல்லவேண்டும். கடைசியில் நிலவுடைமையாளர்கள்தான் சமரசத்துக்கு இறங்கி வந்தார்கள்.

1911இல் திருவிதாங்கூரின் மக்கள் சபையான ஸ்ரீமூலம் பிரஜாசபை உறுப்பினராக நியமிக்கப்பட்ட அய்யன்காளி, தன் மக்களுக்குக் குடியிருக்க நிலம் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்று அங்கேயும் கேட்டார்.