நாரும் காரும்: நகையை விற்கும் முன் யோசிப்போம்

(தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

தென்னை நாரில் கார் உதிரிபாகம் செய்யலாமாம், பிரஸ் மெஷின் வாங்கக் கடன் தாருங்கள் என்று சில குடும்பத்தார் எங்களிடம் வந்தார்கள். ஒரு சகோதரர் மனைவியின் நகையை விற்கவும் தயாராக இருந்தார். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

அவர்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை தயாரான டிரபன்ட் காரின் வெளிக்கூடே பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தியதுதான். இன்று ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் கதவின் உட்பலகை ஆளி, சணல், புளிச்சை நார்களால் ஆகிறது. கண்ணாடி இழையைவிட இவை எடை குறைவு. எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம்.

செய்முறையைக் கேளுங்கள். நாரையும் பாலிபுரொப்பிலீன் இழையையும் கலந்து, ஊசிகளால் குத்திக் கம்பளிபோல் விரிப்பாக்குவார்கள். அதைச் சூடாக்கி, குளிர்ந்த அச்சில் வைத்து அழுத்துவார்கள். அந்தப் பிளாஸ்டிக் சுமார் 165 டிகிரியில் உருகும். 200 டிகிரியைத் தாண்டினால் நார் கெடத் தொடங்கும். இந்த இடைவெளிக்குள் வேலை முடிய வேண்டும். நாரில் ஈரம் தங்கியிருந்தால் அது ஆவியாகிப் பலகை கொப்பளித்துவிடும்.

நம் தென்னை நாருக்கு ஆளி, சணல் அளவு இழுவலிமை கிடையாது. ஆனால் அழுத்தினால் மீண்டும் எழும். ஆகவே கதவுப் பலகையைவிட மெத்தைக்கே அது பொருத்தம். பிரேசிலில் 1990களில் தென்னை நாரோடு ரப்பர் பால் சேர்த்து மெர்சிடீஸ் பென்ஸ் வண்டிகளுக்குத் தலைசாய்ப்பு செய்தார்கள்.

இன்னொன்று. கார் கம்பெனி பெரும்பாலும் நம்மிடம் நேரடியாக வாங்காது. உதிரிபாகக் கம்பெனிகளே இடையில் இருக்கின்றன. தீ, வாடை, ஈரம் என எல்லாச் சோதனையும் தேற வேண்டும். அமெரிக்க விதிப்படி காரின் உட்பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. ஒவ்வொரு லோடும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும்.

அந்தச் சகோதரரிடம் நாங்கள் கேட்டது ஒன்றுதான்: "செய்த பொருளை வாங்கப்போவது யார்?" அவரிடம் பதில் இல்லை. நகை வீட்டிலேயே இருக்கட்டும் என்றோம்.

நாங்கள் சொல்வது இதுதான். ஆர்டர் கையில் இல்லாமல் மெஷின் வாங்காதீர்கள். முதலில் நாரைச் சுத்தமாக்கி, நன்றாகக் காயவைத்து, தரம் பிரித்துத் தரப் பழகுங்கள். பிள்ளைகளுக்குச் சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் மத்திய அரசின் சிப்பெட் நிறுவனம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அங்கே பிளாஸ்டிக், அச்சுத் தொழில்நுட்ப டிப்ளமோ படிக்கலாம்.

வாங்குபவரின் எழுத்துபூர்வமான ஆர்டரோடு வாருங்கள். கடன் மனுவை அன்றே உட்கார்ந்து பேசுவோம்.