சாகிறவரைக் கேளுங்கள்



முதியோர் விடுதியிலிருக்கும் கிழவருக்கு அந்திமகாலத்தில் என்ன வேண்டுமென்று டாக்டர் சொல்லுகிறார், பிள்ளைகள் சொல்லுகிறார்கள், புரோகிதனும் சொல்லுகிறான். சாகப்போகிறவரை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை. அவராக வாய் திறந்தாலோ "தலைவிதி" என்று அடக்கிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1990-ல் செய்த சட்டப்படி, சர்க்கார் பணம் பெறும் மருத்துவ விடுதிகள், ஒருவரைச் சேர்க்கும்போதே, வேண்டாத சிகிச்சையை மறுக்கும் உரிமையை அவருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். நம் சுப்ரீம் கோர்ட்டும், மானத்தோடு சாவது வாழ்வுரிமையில் அடங்கியதே, சிகிச்சையைப் பற்றி முன்னதாகவே எழுதிவைக்கலாம் என்று 2018-ல் தீர்ப்பளித்தது; 2023-ல் அம்முறையைச் சுலபமாக்கியது.

ஆகவே, விடுதிகளை ஆராயச் செல்வோர் கட்டிலையும் சோற்றையும் கணக்கெடுத்தால் போதுமா? வலி தணிய வேண்டுமா, வீட்டில் சாக வேண்டுமா, பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று அவரையே கேட்க வேண்டாமா? செத்தபின் பிண்டம் போடுவதைவிட, உயிரோடிருக்கையில் ஒரு வார்த்தை கேட்பதே மரியாதை என்போம் நாம்.