எந்தத் தெருவில் வீடு?



இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனைப் பற்றி மயிலாப்பூரில் கூடிப் பேச நமக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். வீடு இருக்கிறது. 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு பரோடா அரசுப் பணிக்கு வந்த அண்ணல் அம்பேத்கர், தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். 1920இல் மறுபடி லண்டன் போனபோது அங்கே அவருக்கு வாடகை இடம் கிடைத்தது. இதை வைத்து, அது சமத்துவ பூமி என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம்.

1945இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அனூரின் பெவன் என்றால் 1948இல் தொடங்கிய இலவச மருத்துவச் சேவைதான் நினைவுக்கு வரும். வீட்டு வசதியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகன். தானும் சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். உள்ளாட்சிகள் கட்டி வாடகைக்கு விடும் வீடுகள் 'உழைக்கும் வர்க்கத்தாருக்கு' என்றிருந்த சொல்லை 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீக்கினார். மருத்துவரும் கசாப்புக்கடைக்காரரும் பண்ணைக்கூலியும் ஒரே தெருவில் குடியிருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஊர் என்றும் சேரி என்றும் பிரிக்கப்பட்ட மண்ணிலிருந்து வந்த நமக்கு அந்த விருப்பத்தின் கனம் தெரியும்.

அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களுக்குத் தெருவைவிட எண்ணிக்கை பெரிதாக இருந்தது. ஆண்டுக்கு 3,00,000 வீடுகள் என்ற இலக்கை 1953இல் எட்டினார் ஹெரால்ட் மேக்மில்லன். 1957இல் பிரதமராக, நம் மக்களில் பெரும்பாலோர் இதற்கு முன் இவ்வளவு நன்றாக வாழ்ந்ததில்லை என்ற பொருளில் பேசினார். அது பொய்யில்லை. வேலை இருந்தது, தவணையில் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. ஆனால் 'பெரும்பாலோர்' என்ற சொல்லைக் கேட்டதும் மீதிப்பேர் யார் என்று தேடுவது நம் பழக்கம்.

மீதிப்பேரில் கரீபியத் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் போனவர்கள் உண்டு. பேருந்து ஓட்டினார்கள், வார்ப்படச் சாலைகளில் இரும்பு உருக்கினார்கள், மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தார்கள். பல ஊர்களில் இத்தனை ஆண்டு குடியிருந்தால்தான் உள்ளாட்சி வீடு என்று விதி. தனியார் வீட்டுக்காரர்களோ கறுப்பர்களுக்கு இடமில்லை என்று எழுதியே வைத்தார்கள். வேறு வழியின்றி ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்தன. பிறகு, பார், இவர்களே இப்படித்தான் என்றார்கள். இந்தத் தர்க்கத்தை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெத்விக்கில் 1964 தேர்தலில் நிறவெறிப் பிரச்சாரம் வென்றது. மார்ஷல் தெருவில் விற்பனைக்கு வரும் வீடுகளை வாங்கி வெள்ளையருக்கு மட்டும் விட அந்த ஊர் நகரமன்றம் முயன்றது. இந்தியத் தொழிலாளர் சங்கம் அழைத்து, 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் அந்தத் தெருவில் நடந்து போனார். கடனுக்கு மத்திய அரசு அனுமதி மறுத்ததால் திட்டம் நின்றது. அதே 1965இல் வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களோடு நின்றுகொண்டது. வீட்டு வாசலுக்குச் சட்டம் வர 1968 ஆயிற்று.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டவோ வாங்கவோ அதில் வாழவோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று நம் நாட்டில் 1955ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. பிரிட்டனுக்கு 13 ஆண்டுகள் முன்பே! மந்தைவெளியிலும் தி.நகரிலும் வீடு தேடிப் பாருங்கள். சாதியைக் கேட்கவே மாட்டார்கள். சொந்த ஊர் எது, குலதெய்வம் எது, அப்பா என்ன செய்கிறார் என்பார்கள். 'சைவம் மட்டும்' என்று பலகை இருக்கும். சட்டம் தீண்டாமையைத் தேடுகிறது. பலகை சாப்பாட்டைப் பேசுகிறது.

வாடகைச் சந்தை இப்படி என்றால் மிச்சம் அரசு வீடு. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது நொச்சிக்குப்பத்தில், கடற்கரை ஓரத்திலேயே, குடிசைகள் இருந்த இடத்தில் மாடி வீடுகள் எழுந்தன. சின்ன வீடுகள்தான், பின்னாளில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. அந்தக் குறைகளை மறைக்க வேண்டாம். ஆனால் கடலும் சந்தையும் பள்ளிக்கூடமும் நடக்கும் தூரத்தில் இருந்தன. 2000க்குப் பிறகு வாரியம் நகரைத் தாண்டியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கில் கட்டியது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரை மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். மேக்மில்லனைப் போல நம் அரசுகளும் வீட்டை எண்ணிக் காட்டுகின்றன. காலை 6 மணிக்கு மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்க வேண்டிய பெண் ஏறத்தாழ 20 கிலோமீட்டரை எப்படிக் கடக்கிறாள் என்பது அந்த எண்ணிக்கையில் வராது. அவள் கை இங்கே வேண்டும், அவள் குடும்பம் இங்கே வேண்டாம். இதை மறுகுடியமர்வு என்கிறார்கள். நாங்கள் புதுச் சேரி என்கிறோம்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை நீதிமன்ற உத்தரவைக் காட்டி இடித்தபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு, அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆக, இங்கே இடம் இருந்திருக்கிறது. ஒருவர் எரிவதற்கு முந்தின நாளும் அந்த இடம் இருந்தது.

மத்திய, தென் சென்னையில் வாரியம் இடித்துக் கட்டும் ஒவ்வொரு குடியிருப்பிலும் எத்தனை வீடு, அவை எந்தத் தெருவிலிருந்து வந்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறோம். மனுக்களின் படிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. கையெழுத்துப் போடுவதோடு, குடியிருப்புகளுக்கு நேரில் போய்ப் பட்டியலைச் சரிபார்க்க வரக்கூடியவர்கள் தங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.

ஜெய் பீம்.