ஒரே டேங்க், ஒரே வெயில், வேறு வேறு வெந்நீர்

குளிர்நாடுகளில் ஒரு கொதிகலனில் சூடாகும் நீர் குழாய்கள் வழியே அறைதோறும் சென்று, சுவரோரம் பொருத்திய ரேடியேட்டர் எனும் இரும்புப் பலகைகளைச் சூடாக்குகிறது. அவற்றுள் ஒன்று கொதிக்க மற்றொன்று சில்லிட்டுக் கிடப்பது லண்டன், டொரண்டோத் தமிழர் வீடுகளிலும் கேட்கும் முறையீடே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பெங்களூருவை அடுத்து ஓசூர் நெடுஞ்சாலையில் அமைந்த சந்தாபுராவில் வீட்டைச் சூடேற்றும் தேவை இல்லை. எனினும் மார்கழி விடியலில் ஒரு குளியலறையில் ஆவி பறக்க, அடுத்ததில் பச்சைத் தண்ணீரே வருவது அங்கு வழக்கமான குறை. இரண்டுக்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றே.

கர்நாடக அரசு 2007ஆம் ஆண்டில் புதிய கட்டடங்களுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டரைக் கட்டாயமாக்கியதை அடுத்து, பெங்களூரு மொட்டைமாடிகளில் அது நிலையான காட்சியாயிற்று. சூடான நீர் இலேசாகி மேலெழ, கனத்த குளிர்நீர் கீழிறங்குவதால், மோட்டார் இல்லாமலே இதன் நீர் சுழல்கிறது. இதற்கு வெப்பச்சலனம் என்று பெயர். வீட்டுக்குள் நீரை இறக்குவதும் உயரம் தரும் அழுத்தம் மட்டுமே. பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. ஆகவே டேங்கிற்கு நேர்கீழே உள்ள மேல்தளத்தில்தான் அழுத்தம் மிகக் குறைவு. குழாய் எங்கேனும் மேடிட்டு வளைந்திருந்தால், அங்கே சிக்கும் காற்றுக்குமிழியைத் தள்ள அந்த அழுத்தம் போதாது. பிளம்பர்கள் 'ஏர் லாக்' என்பது இதுவே. ரேடியேட்டரின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கும் குற்றவாளி காற்றுதான். சிறு சாவியால் திருகை இளக்க, அது சீறிக்கொண்டு வெளியேறிவிடும். இங்கு அந்தப் பணியைச் செய்யவேண்டியது மாடியில் நிமிர்ந்து நிற்கும் ஏர் வென்ட் குழாய்.

இரண்டாவது காரணம் உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, சூடேறும்போது கல்லாகப் படிகிறது. டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்காகத் தெரிவதும் அதுவே. தகட்டு வகை ஹீட்டரின் மெல்லிய செம்புக் குழாய்களை அது அடைக்க, அடைபட்ட குழாயின் வெப்பம் டேங்கிற்குச் சேர்வதில்லை.

மூன்றாவது காரணம் பலர் ஐயுறாதது. மிக்ஸர் குழாயின் இரு திருகுகளையும் திறந்துவைத்து, கை ஷவரின் முனையை மட்டும் மூடினால், பம்ப் அழுத்தத்தில் வரும் குளிர்நீர் மிக்ஸருக்குள்ளேயே திரும்பி, அழுத்தம் குறைந்த வெந்நீர்க் குழாயில் ஏறிவிடுகிறது. பக்கத்துக் குளியலறை அதனாலேயே குளிர்கிறது. மாடியில் வெந்நீர் வெளியேறும் வால்வை மூடிவிட்டு வீட்டிலுள்ள வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது, சிறிது நேரத்தில் நீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் கலப்பு நிகழ்வது உறுதி. நீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு அதற்குத் தீர்வு.

குறையே அல்லாத ஒன்றும் உண்டு. முக்கால் அங்குலக் குழாய் இருபது மீட்டர் ஓடினால் அதில் ஏறத்தாழ ஆறு லிட்டர் நீர் நிற்கும். இரவெல்லாம் ஆறிய அந்நீர் வெளியேறிய பின்னரே வெந்நீர் வரும். அதை ஒரு வாளியில் பிடித்துத் துவைப்பதற்கு வைத்துக்கொள்வதே அறிவுடைமை. அதற்காக ஹீட்டரை மாற்றுவது வீண்செலவு.

பழுதுபார்க்க டேங்கைக் காலி செய்தவர்கள் நண்பகலில் அதை நிரப்பலாகாது: மற்றொரு வகையான கண்ணாடிக் குழாய் ஹீட்டரில், வெயிலில் வெறுமையாகக் காய்ந்த குழாயில் குளிர்நீர் பட்டால் அது வெடித்துவிடும். அதிகாலையிலோ, வெயில் சாய்ந்து குழாய்கள் ஆறிய பின்னரோ நிரப்புக.